ஸ்பீக்கர் காதில் விழவில்லையா, விழுந்தும் புரியவில்லையா? குன்னூர் வீட்டில் கண்டுபிடித்தவை

குரலுக்கு இயங்கும் ஸ்பீக்கர் பேச்சைக் கேட்காமல் போனால் எல்லா வீட்டிலும் முதலில் நடப்பது குரலை உயர்த்துவது. அப்புறம் இன்னும் கொஞ்சம் உயர்த்துவது. அதற்கும் அசையாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டுவது. சில நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆனால் எதனால் நின்றது, எதனால் சரியானது என்று தெரியாது. நாலு நாள் கழித்து மறுபடி அதே கத்தல்.

எங்கள் வீட்டில் அந்த ஸ்பீக்கர் பாட்டுக்காக மட்டும் வந்ததல்ல. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் தேய்மானம். கண் பார்வையும் மங்கிவிட்டது. ராத்திரி எழுந்தால் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடாமல் விளக்குப் போடவும், சென்னையில் இருக்கும் மகளைக் கூப்பிடவும், மணி என்ன என்று தெரிந்துகொள்ளவும் அவருக்கு அதுதான் வழி. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அது அவர் பேச்சைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. நாங்கள் சொன்னால் பாதி நேரம் கேட்டது. “என் குரலே போச்சு போல இருக்கும்மா, நான் சொன்னா அது கேக்க மாட்டேங்குது” என்று அத்தை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கருவி பதில் சொல்லாததற்கு, எழுபதைத் தாண்டிய மனுஷி தன் குரலைக் குறை சொல்லிக்கொள்ளக் கூடாது. அதனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மலை ஊர்களில் வீடு இருப்பவர்களுக்கும், வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரிலேயே இருக்கும் சின்ன விளக்கை. இந்தக் கருவி எந்நேரமும் நாம் பேசுவதையெல்லாம் புரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. தன்னை எழுப்பும் சொல் வருகிறதா என்று மட்டும் தனக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் விளக்கு எரியும். அதற்குப் பிறகு நாம் சொல்வது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அங்கேதான் பேச்சு எழுத்தாகிறது, அந்த எழுத்துக்கு அர்த்தம் பார்க்கப்படுகிறது, விளக்கைப் போடு, பாட்டை வை என்கிற உத்தரவு திரும்பி வருகிறது. ஆகவே ‘கேட்கவில்லை’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் வேறு வேறு கோளாறுகள். கூப்பிட்டும் விளக்கே எரியவில்லை என்றால் சொல் காதில் விழவில்லை. விளக்கு எரிந்து, கொஞ்சம் சுற்றி, இணைப்பில் சிக்கல் என்று சொன்னால் காது நன்றாக இருக்கிறது, வழி அடைத்திருக்கிறது. விளக்கு எரிந்து சம்பந்தமில்லாத பதில் வந்தால் வழியும் சரி, புரிதலில்தான் பிசகு. பதில் சரியாக வந்தும் அறை விளக்கு எரியவில்லை, கீசர் ஓடவில்லை என்றால் ஸ்பீக்கரை விட்டுவிட்டு, அவற்றைப் போட்டு அணைக்கும் ஸ்மார்ட் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

இதைப் பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. பிரிக்காமல் ரீசெட் பட்டனை அழுத்துவது எனக்கு உடன்பாடில்லை. செட்டிங் எல்லாம் அழிந்து, கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

காதிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் மைக்கை அணைக்கும் பட்டனோ சுவிட்சோ உண்டு. துடைக்கும்போதோ குழந்தைகள் தொடும்போதோ அது அழுந்திவிடும். அமேசான் எக்கோ வகைகளில் அப்போது சிவப்பு விளக்கு எரியும். கூகுள் நெஸ்ட் மினி வகையில் பக்கவாட்டில் சின்ன சுவிட்ச், அணைத்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். கண் மங்கியவர்களுக்கு இந்த நிறம் தெரியாது என்பதை வீட்டில் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அத்தையின் ஸ்பீக்கரில் இது பிரச்சினையாக இல்லை. ஆனாலும் பட்டன் எங்கே இருக்கிறது என்று அவர் விரலை வைத்துக் காட்டிக்கொடுத்தேன்.

அடுத்தது அது உட்கார்ந்திருக்கும் இடம். ஜன்னல் திட்டில், சுவரை ஒட்டி, திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மைக்குகள் இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது என்று அவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் கணிக்கின்றன. சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பும் ஒலி அந்தக் கணிப்பைக் குழப்பும். சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் 20 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வது இதனால்தான். எங்கள் ஊரில் ஜன்னலுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. மூட்டம் இறங்கினால் கண்ணாடியில் நீர் கோத்து வடியும், திட்டு எப்போதும் ஈரமாகவே இருக்கும். துணியில் பூஞ்சை படிகிற இடத்தில் எலக்ட்ரானிக் சாமானை வைக்கவே கூடாது. மைக் துளைகளில் தூசியும் கம்பளி நூலும் அடைந்திருந்தன. உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுத்தேன். ஊசியோ ஈரத்துணியோ அந்தத் துளைகளுக்கு ஆகாது.

இனி எங்கள் வீட்டின் முக்கியமான குற்றவாளி: ப்ளோயர் ஹீட்டர். அத்தை அறையில் மழை தொடங்கினால் அது ஓடத் தொடங்கிவிடும். ஸ்பீக்கர் இருந்த ஜன்னலுக்குக் கீழேதான் ஹீட்டர். நமக்கு அந்த ‘உஸ்’ சத்தம் பழகிப்போய்விடுகிறது, மைக்குக்குப் பழகாது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் இது எளிதில் புரியும். ஸ்பீக்கர் தானே பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் நம் குரலைக் கேட்கிறது அல்லவா? தான் என்ன ஒலி எழுப்புகிறோம் என்று அதற்குத் தெரியும் என்பதால், மைக்கில் வரும் ஒலியிலிருந்து அதைக் கழித்துவிட முடிகிறது. ஹீட்டர் சத்தமும், டிவி சத்தமும், தகரக் கூரையில் விழும் மழையும் அதன் கணக்கில் இல்லாதவை. அவற்றை அப்படிக் கழிக்க முடியாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஹீட்டரை அணைத்துவிட்டு, அத்தை கட்டிலிலிருந்தே, வழக்கமான குரலில் கூப்பிடச் சொன்னேன். விளக்கு எரிந்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கூப்பிடச் சொன்னேன், எரியவில்லை. அப்புறம் ஸ்பீக்கரை ஹீட்டரிலிருந்து விலக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் மர ஸ்டூலில் வைத்தேன். ஹீட்டர் ஓடும்போதே எரிந்தது. திறந்தவெளிக் கணக்கில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடுதலாகச் சேரும். அறைக்குள் சுவர் எதிரொலியால் அந்த அளவு கிடைக்காது என்றாலும், கத்துவதைவிடக் கிட்டே வைப்பது எப்போதும் நல்லது. கத்தும்போது உச்சரிப்பும் சிதைந்துபோகிறது. சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடத்தையும் மாற்றி, ஹீட்டரையும் அணைத்து, எழுப்பும் சொல்லையும் மாற்றினால் எது மருந்து என்று தெரியாமலே போய்விடும்.

காலை நேரத்தில் மட்டும் வரும் கோளாறு ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்தது அத்தைதான். பல்செட் போடுவதற்கு முன்னால் கூப்பிட்டால் கேட்பதில்லை, போட்ட பிறகு கேட்கிறது. எழுப்பும் சொல்லில் பல்லைத் தொட்டு வரும் ஒலி இருந்தால் அது மாறிப்போகும்போது கருவி அடையாளம் காணாது. அதே போல மார்கழிக் குளிரில் குல்லாவுக்கு மேல் மஃப்ளரை வாயை மூடிச் சுற்றிக்கொண்டு பேசினால் கூர்மையான ஒலிகள் எல்லாம் கம்பளியிலேயே நின்றுவிடும். வயதானவர்கள், குழந்தைகள் குரலில் இந்தக் கருவிகள் கூடுதலாகத் தவறுவது பொதுவாகவே தெரிந்த விஷயம். பெரும்பாலும் நடுவயதுக் குரல்களைக் கேட்டுப் பழகியவை அவை. ஆகவே பெரியவர்களைத் திருத்துவதற்கு முன்னால் கருவியில் மாற்றக்கூடியதை மாற்றிப் பார்ப்பதுதான் நியாயம். எழுப்பும் சொல்லுக்குச் சில வகைகளில் இரண்டு மூன்று தேர்வுகள் உண்டு. எல்லாவற்றையும் அத்தையைப் பல்செட் இல்லாமல் சொல்லிப் பார்க்கச் சொல்லி, அதிகம் பிடிபட்டதை வைத்துவிட்டேன். வேறு சில வகைகளில் சொல்லை மாற்ற முடியாது, ஆனால் எவ்வளவு கூர்மையாகக் காது கொடுக்க வேண்டும் என்பதைப் போனில் இருக்கும் அதன் ஆப்பில் கூட்டலாம். கூட்டினால் டிவியில் வரும் பேச்சுக்கெல்லாம் விழித்துக்கொள்ளும், அந்தத் தொல்லை பரவாயில்லை என்றால் கூட்டுங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இன்னொன்று நடக்கும். இரண்டும் கேட்டு, எதற்குக் குரல் தெளிவாக விழுந்ததோ அது மட்டும் பதில் சொல்லும். கதவு திறந்திருந்தால் ஹாலில் இருப்பது பதில் சொல்லிக்கொண்டிருக்கும், அறையில் இருப்பது மௌனமாக இருப்பதைப் பார்த்து நாம் கெட்டுவிட்டது என்று நினைப்போம். கையில் இருக்கும் போனும் இதே போலக் குறுக்கே வரும். இரண்டுக்கும் எழுப்பும் சொல் ஒன்றாக இருந்தால் வேறுபடுத்திவிடுங்கள். வேறுபடுத்த முடியாவிட்டால் போனில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

கொட்டும் மழைக்கு மட்டும் முழுத் தீர்வு கிடையாது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மனிதர்கள் பேசிக்கொள்வதே கஷ்டம். கூடலூர்ப் பக்கம் ஜூனில் தொடங்கும் மழையிலும் இதே நிலைதான். அந்த நேரத்துக்குக் குரலை நம்பாமல் இருப்பதே சரி. சாயங்காலம் 6 மணிக்கு அறை விளக்கு தானாக எரியவும், காலையில் அணையவும் ஆப்பில் நேரம் வைத்துவிட்டேன். குரலால் செய்தே ஆக வேண்டும் என்றில்லாத வேலைகளைக் குரலிலிருந்து எடுத்துவிட்டால் பெரியவர்களுக்குப் பாதிக் கஷ்டம் குறைகிறது.

இனி வழி. விளக்கு எரிந்து, சுற்றி, இணைப்பில்லை என்று சொல்கிற நாட்களில் நான் ஸ்பீக்கரைத் தொடுவதே இல்லை. நேரே போய் இன்டர்நெட் பெட்டியைப் பார்ப்பேன். ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் வீட்டில் அந்தப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் எதை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. எங்கள் பக்கம் ஃபைபர் கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டுதான் வருகிறது. காற்றில் சில்வர் ஓக் கிளையோ கற்பூர மரமோ சாய்ந்தால் கரண்ட் கம்பியோடு இதுவும் போகும். கேபிள்காரத் தம்பிக்குப் போன் செய்யும்போது “நெட் வரல” என்று சொல்லாமல் “எல்ஓஎஸ் சிவப்பா எரியுது” என்று சொல்லுங்கள். “சரிக்கா, ஃபைபர் கட்டுதான், வண்டிச்சோலைப் பக்கம் மரம் விழுந்திருக்கு, ஜாயின்ட் போட்டுட்டு வர்றோம்” என்று நேராக வேலைக்குப் போய்விடுவார். இல்லாவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதிலேயே அரை நாள் போகும்.

கரண்ட் போய் வந்த பிறகு வரும் மௌனம் வேறு வகை. ஸ்பீக்கர் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து வரச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கூப்பிட்டால் இணைப்பில்லை என்று சொல்லும். கொஞ்சம் பொறுத்தால் தானே சேர்ந்துகொள்ளும். அப்படியும் சேரவில்லை என்றால் வரிசை முக்கியம்: ஃபைபர் பெட்டியை முதலில் போட்டு, அது நிலைத்த பிறகு ரவுட்டர், கடைசியில் ஸ்பீக்கர். அடிக்கடி கரண்ட் போகும் இடங்களில் ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் நல்ல முதலீடு. வாங்குவதற்கு முன் உங்கள் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் 9 வோல்ட் கேட்கும் பெட்டிகளும் உண்டு. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் பயன் இல்லை.

ஸ்பீக்கரின் அடாப்டரையும் பாருங்கள். பழைய போன் சார்ஜர் பொருந்துகிறதே என்று மாட்டிவைத்தால், சத்தம் கூட்டும்போது தேவையான மின்சாரம் கிடைக்காமல் கருவி தானே அணைந்து எழும். பாட்டுப் போட்டதும் நின்றுபோகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, பெட்டியோடு வந்த அடாப்டர்தானா என்று.

பழைய கல் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு வைஃபையே பெரிய தலைவலி. எங்கள் வீடும் ஒன்றரை அடி கனக் கல் சுவர். ரவுட்டர் ஹாலில், அத்தை அறை இரண்டு சுவர் தாண்டி. ஸ்பீக்கர் இருக்கும் அதே இடத்தில் போனை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். அது திக்கினால் ஸ்பீக்கரும் திக்கும். வைஃபையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை உண்டு. 5 வேகம் கூடுதல், சுவரைத் தாண்டுவதில் பலவீனம். கல் சுவர் வீட்டில் தூரத்து அறைக்கு 2.4தான் பொருத்தம். ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் அதே 2.4 பக்கத்தில்தான் இயங்குகின்றன. அடுப்பு ஓடும்போது மட்டும் ஸ்பீக்கர் திணறினால் இரண்டையும் தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டில் அலைவரிசையை மாற்றியும் போதவில்லை. சிக்னலைத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைச் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிக்னல் ஏற்கெனவே மெலிந்த இடத்தில் வைத்தால் மெலிந்ததைத்தான் அதுவும் கொடுக்கும். பரண் வழியாக ஒரு லேன் கேபிளை இழுத்து, அத்தை அறைக்கு வெளியே பழைய ரவுட்டர் ஒன்றை, அங்கிருந்தே வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயின்டாக வைத்தோம். செலவு கேபிளுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு இணைப்பில்லை என்ற பேச்சு அந்த அறையில் மிக அரிதாகிவிட்டது.

ரவுட்டரையே மாற்ற வேண்டி வந்தால் ஒரு யோசனை. புது ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். ஸ்பீக்கர், ஸ்மார்ட் பிளக், பல்பு எல்லாம் பெரும்பாலும் எதுவும் நடக்காதது போலத் தாமாகவே சேர்ந்துகொள்ளும். பெயரை மாற்றினால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து இணைக்க வேண்டும். ஸ்மார்ட் பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பதால், இணைக்கும்போது ரவுட்டரில் 5ஐத் தற்காலிகமாக அணைத்துவைத்தால் வேலை சுலபம்.

சரி, காதும் வழியும் சரியான பிறகும் அத்தைக்குத் தவறான பதில்கள் வந்துகொண்டிருந்தன. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தப் பகுதிதான். இந்தக் கருவிகளின் ஆப்பில் நாம் பேசியதன் பதிவு இருக்கும். என்ன சொன்னதாக அது எழுதிக்கொண்டது என்பதை அங்கே படிக்கலாம், நம் குரலைச் சேமிக்க அனுமதித்திருந்தால் கேட்கவும் செய்யலாம். அது ஒருவருடைய சொந்தப் பேச்சு. அதனால் அத்தையிடம் கேட்டு, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் திறந்தேன். வேண்டாததை அழித்துவிடலாம் என்பதையும் காட்டினேன்.

முதலில் கண்ணில் பட்டது, மொழி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தன் வாங்கி, அங்கேயே தன் கணக்கில் செட் பண்ணிக் கொண்டுவந்து கொடுத்தது. ஆங்கிலம் (இந்தியா) என்று மாற்றியதுமே நம் உச்சரிப்பு நன்றாகப் பிடிபடத் தொடங்கியது. எங்களிடம் இருக்கும் வகையில் நம் ஊருக்கு ஆங்கிலமும் இந்தியும்தான், தமிழ் கிடையாது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழி இதில் இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம். ஆங்கிலம் பேசிப் பழகாத பெரியவர்களுக்குத்தான் இந்தக் கருவி அதிகம் பயன்படும். அவர்களைத்தான் அது வெளியே நிறுத்திவைக்கிறது.

அடுத்து, குன்னூர் வானிலை கேட்டால் வெயில் கொளுத்துவதாகப் பதில் வந்துகொண்டிருந்தது. பதிவைப் பார்த்தால், கண்ணூர் என்று எழுதிவைத்திருந்தது. கேரளக் கடற்கரை ஊரின் வெப்பநிலையைத்தான் மூட்டத்துக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் அத்தை. ஆப்பில் கருவியின் முகவரியை 643101 என்ற பின்கோடோடு சரியாகக் கொடுத்துவிட்டு, ஊர் பெயரே சொல்லாமல் ‘வெதர்’ என்று மட்டும் கேட்கச் சொன்னேன். தீர்ந்தது. ஊர் பெயர்கள் தடுமாறும் எல்லாருக்கும் இதே வழிதான்: பெயரைத் திருத்திச் சொல்ல முயல்வதைவிட, பெயர் சொல்லும் தேவையே இல்லாமல் செய்துவிடுவது.

விளக்குதான் கடைசி முடிச்சு. அத்தை “லைட்டு ஆன்” என்பார். நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ‘டு’வில் முடியாமல் நம் நாக்கு நிற்பதில்லை. பதிவில் அது ‘லைட் டூ’ என்று இருந்தது, அதாவது இரண்டாம் எண் விளக்கு. அப்படி ஒரு விளக்கு வீட்டில் இல்லை என்று கருவி பதில் சொல்லியிருக்கிறது. அவரை ‘லைட்’ என்று நறுக்காகச் சொல்லப் பழக்குவதா? நான் ஆப்பில் அந்த விளக்கின் பெயரை ‘லைட் டூ’ என்று மாற்றிவிட்டேன். அன்று ராத்திரியிலிருந்து அவர் சொன்னபடி எரிகிறது. இந்த முறையை எல்லாவற்றுக்கும் நீட்டலாம். இந்த ஆப்களில் ‘ரொட்டீன்’ என்று ஒரு வசதி உண்டு. எந்த வாக்கியத்தைச் சொன்னால் எது நடக்க வேண்டும் என்று நாமே எழுதிவைக்கலாம். பெரியவர்கள் இயல்பாகச் சொல்கிற தமிழ்ச் சொல்லைச் சொல்லவிட்டு, கருவி அதை எப்படித் தப்பாக எழுதிக்கொள்கிறது என்று பதிவில் பார்த்து, அந்தத் தப்பையே அந்த வாக்கியமாக ஆங்கில எழுத்தில் போட்டுவையுங்கள். சில சொற்களை அது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி எழுதும், அவற்றை விட்டுவிடுங்கள். அத்தைக்குப் ‘பாட்டுப் போடு’ நிலைக்கவில்லை, ‘குட் மார்னிங்’ நிலைத்தது. அதற்குக் காலைப் பக்திப் பாட்டைச் சேர்த்துவிட்டேன். மகளைக் கூப்பிடுவதற்கும் முழுப் பெயர் வேண்டாம். போனில் ‘பாப்பா’ என்று தொடர்பை மாற்றியது போதுமாக இருந்தது.

பெயர்களைப் பற்றி இன்னொன்று. ரூம் லைட், பெட்ரூம் லைட், பாத்ரூம் லைட் என்று ஒரே மாதிரிப் பெயர்கள் வைத்தால் கருவி எது என்று திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்வதற்குள் ஸ்பீக்கரின் விளக்கு அணைந்துவிடும். முதல் எழுத்திலிருந்தே வித்தியாசமாக ஒலிக்கும் பெயர்களாக வையுங்கள். கூப்பிட்ட பிறகு யோசித்துப் பேசுபவர்களுக்கும் இதே கஷ்டம், சில விநாடி மௌனத்திலேயே கருவி காதை மூடிக்கொள்ளும். பேசி முடிக்கக் கூடுதல் நேரம் கொடுக்கும் அமைப்பு சில வகைகளில் இருக்கிறது. ஆப்பில் அணுகல் வசதிகள் பகுதியில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால், என்ன கேட்க வேண்டும் என்பதை மனதில் தயார் செய்துகொண்டு கூப்பிடச் சொல்வதுதான் வழி.

விளக்கு எரிந்தும் பதிலே காதில் விழவில்லை என்றால் ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கிறதா, ப்ளூடூத்தில் வேறு ஸ்பீக்கரோடு இணைந்து பதில் அங்கே போகிறதா என்று பாருங்கள். இரண்டும் நிமிட வேலை.

ஸ்மார்ட் பிளக்கில் கீசரை மாட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2000 வாட் கீசர் 230 வோல்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13. 10 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சூடேறி உருகக்கூடும், 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். ரூம் ஹீட்டரை நாங்கள் குரலுக்குக் கொடுக்கவே இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில், கருவி எதையோ தப்பாகக் கேட்டு, கம்பளி தொங்கும் இடத்தில் ஹீட்டர் ஓடத் தொடங்கும் வாய்ப்பே இருக்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் அமைதியான அறையில், ஓர் அடி தூரத்தில், யார் கூப்பிட்டாலும் விளக்கு எரியவில்லை என்றால் அப்போது ரீசெட் செய்யுங்கள். அதற்கு முன் பிளக் பெயர்களையும் ரொட்டீன்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்குப் பிறகும் அதே நிலை என்றால் மைக் போய்விட்டது. பில்லை எடுத்துக்கொண்டு வாரன்டிக்குப் போக வேண்டியதுதான். அதற்குள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு தடவை சோதித்துவிடுங்கள், ரவுட்டர் மேல் சந்தேகம் இருந்தால் அது தெளிந்துவிடும்.

எல்லாம் சரியான பிறகும் ஒன்றுக்கு மட்டும் இந்தக் கருவியை நான் நம்புவதில்லை. 108க்கோ 112க்கோ அதிலிருந்து அழைப்பு போகும் என்று எண்ணி இருக்கக் கூடாது. கரண்ட் போனால், ஃபைபர் அறுந்தால் மகளைக்கூட அதில் கூப்பிட முடியாது. அதனால் அத்தை தலைமாட்டில் பெரிய பட்டன் வைத்த சாதாரணப் போன் ஒன்று இருக்கிறது. 1ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு, 2ஐப் பிடித்தால் கீழ் வீட்டு அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்குச் சார்ஜ் போட்டு, அத்தை கையாலேயே 2ஐ அழுத்தச் சொல்லி, அக்கா எடுக்கிறாரா என்று பார்த்துக்கொள்கிறோம்.